வாரத்துக்கு விட்ட கன்று

பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பார்கள். அகேயோவுக்குப் பணம் வந்தபோது, பொழுதெல்லாம் மூடாத ஒரு வாய் மூடிக்கொண்டது. அவளுடைய ஓரகத்தி அமோண்டியின் வாய்தான் அது.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் இருவரும். ஒரே வளவு, எதிரெதிர் வீடு. அகேயோவின் புருஷன் ஒபுரா மொம்பாசாவில் காவல் வேலை பார்த்தான். கிறிஸ்துமஸுக்குத்தான் முகம் காட்டுவான். ஆகவே அவளுக்குப் பேச்சுத்துணை, கைத்துணை எல்லாம் அமோண்டிதான். முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து இருவரும் மக்காச்சோளம் உதிர்ப்பார்கள். உதிர்ந்த மணிகளைவிட உதிர்ந்த ஏச்சு அதிகமாக இருக்கும்.

“ஏன்டி அலெகோக்காரி, உங்க ஊர்ல உப்புன்னு ஒண்ணு உண்டா? உன் கீரையில நானும் தேடிக்கிட்டே இருக்கேன்.”

“எல்லா உப்பையும் உங்க கெம் ஊர்க்காரங்களே தின்னுடுறீங்க. அதான் தாகம் தாங்காம எங்க வீட்டுப் பானையையும் காலி பண்றே.”

“அடி செருப்பால. என் பானையில குடிச்சுத்தான்டி நீ வளர்ந்தே.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் பிறந்த ஊர்தான் பேர். அமோண்டி வாயிலிருந்து வரும்போது அகேயோவுக்கு அது இனிக்கும்.

அப்போதுதான் ஏதோ தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். கூரை வீட்டுக்காரர்களின் பெயரைக் கேட்டார்கள். கைப்பேசிக்குப் பணம் வரும், திருப்பித் தர வேண்டாம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். வட்டிக்குக் கொடுத்திருந்தால் ஊர் வரிசையில் நின்றிருக்கும். சும்மா கொடுக்கிறேன் என்றதும் மிரண்டுவிட்டது. ஊரையும் குறை சொல்ல முடியாது. இதுவரை வந்தவன் எவனும் எதையாவது எடுத்துக்கொள்ளாமல் போனதில்லை. ஆகவே இவர்கள் எதை எடுப்பார்கள் என்று ஊரே யோசித்தது. பணத்தின் பின்னால் ஒரு பாம்பு வரும், வீட்டில் குடியேறும், பிறகு ஒரு பிள்ளையைக் கேட்கும் என்று யோசித்து முடித்தது. ஜெபக்கூடத்தில் பாஸ்டர் மிஷாக் அதற்கு வசனமும் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

“ரெண்டு பேரும் சேர்ந்தே வேண்டாம்னு சொல்லிடுவோம்டி. ஒருத்தி வாங்கி ஒருத்தி வாங்காம இருந்தா நல்லாருக்காது” என்றாள் அமோண்டி.

“நான் மட்டும் வாங்கிட்டு எங்க போகப் போறேன்” என்றாள் அகேயோ. மனதாரத்தான் சொன்னாள்.

அமோண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அகேயோவின் முறை வந்த அன்று காலை மழை. சின்ன மகள் இருமிக்கொண்டே கூரை ஒழுகாத இடம் தேடிப் பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து இழுத்து அடுப்புக்குள் போகாத குறை. பாம்பு வரட்டும், வந்தால் அதுவும் நனைந்துதான் கிடக்கும் என்று தோன்றியது அகேயோவுக்கு. சரி என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் தெரிந்தபோது அமோண்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முற்றத்தில் கிடந்த தன் முறத்தை எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் பிள்ளைகளும் இந்தப் பக்கம் விளையாட வரவில்லை.

பணம் சொன்னபடி வந்தது. அகேயோ முதலில் தகரம் போட்டாள். மிச்சத்தில் ஒரு சினைப் பசு வாங்கினாள், கலப்பினம். மேய விடாமல் கொட்டிலில் கட்டித் தீனி போட வேண்டிய சாதி. அதற்காக வீட்டுப் பின்னால் நேப்பியர் புல் நட்டாள். கொட்டிலுக்குக் கால் நட உதவிக்கு ஆள் தேடினாள். ஊரில் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து இடுப்பு வலி. தானே குழி தோண்டி, தானே கம்பைப் பிடித்து, தானே மண் தள்ளினாள். ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மண்வெட்டி பிடிப்பது எப்படி என்று தெரிந்துகொண்டாள். தெரியாமலே இருந்திருக்கலாம்.

பசு கன்று போட்டது, கிடேரி. பால் பொங்கிப் பொங்கி வந்தது. வாங்கத்தான் நாதியில்லை. பாம்புப் பணத்துப் பாலை யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்? பிள்ளைகள் குடித்து, உறைய வைத்துத் தின்று, மிஞ்சியதை வேலியோரம் கொட்டினாள். அமோண்டி வீட்டு நாய் மட்டும் வந்து நக்கிவிட்டுப் போகும். அது ஜெபக்கூடத்துக்குப் போகிற நாய் இல்லை.

பிறகு உகுன்ஜா சந்தைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் கேனைக் கட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டான். பால் சந்தை முக்கு டீக்கடைக்குப் போனது. சந்தை நாளில் இந்த ஊர் ஜனம் அங்கேதான் டீ குடிக்கும். பாஸ்டர் மிஷாக்குக்கு இரண்டு கிளாஸ் வேண்டும். பால் திக்காக இருக்கிறது என்று அவர் கடைக்காரனைப் பாராட்டியதாகக் கேள்வி. அதைக் கேட்டு அகேயோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேர்ந்து சிரிக்க ஆளைத் தேடி எதிர்வீட்டைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

குறை ஒன்றும் இல்லை, சொல்லத்தான் வேண்டும். பெரியவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கட்டணத்துக்காகத் திருப்பி அனுப்புவது நின்றது. சின்னவளின் இருமல் நின்றது. கோழிகள் வந்தன, முட்டையும் டீக்கடைக்குப் போனது. களியோடு ஒமேனா மீன் வாரத்தில் பல நாள் இருந்தது. அந்த மீனில் உப்பு குறைவென்று சொல்லத்தான் யாருமில்லை.

வருஷம் திரும்பியது. பாம்பு வரவில்லை. பிள்ளைகளும் குறையவில்லை, கன்னம் வைத்துக் கொழுகொழுவென்று ஆனார்கள். பக்கத்து ஊரில் அத்தனை பேரும் வாங்கியிருந்தார்கள். அங்கே தகரக் கூரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. இந்த ஊர் ஆண்கள் சிலர் அந்த ஆட்களைத் தேடிப் போனார்கள். உங்கள் ஊர் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

இனி ஊர்க்காரர்கள் தன் வீட்டுக்கு வருவார்கள் என்று அகேயோ காத்திருந்தாள். அமோண்டிக்காக இரண்டு கோப்பைக்குத் தேயிலை போட்டு வைத்த நாளும் உண்டு. ஆனால் பயம் எழுந்து போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பயந்தபோது தூரத்திலிருந்தாவது முறைத்தார்கள். இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அமோண்டி தண்ணீருக்கு வேறு பாதையில், சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அடுப்புக்கு ஒரு நெருப்புத்துண்டு கேட்டுக்கூட யாரும் வராத வீடாகப் போயிற்று அகேயோவின் வீடு.

யோசித்து யோசித்து அவளுக்கு ஒரு வழி தோன்றியது. கிடேரியை அமோண்டிக்கு வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது. அவள் வளர்க்க வேண்டியது. ஈன்றால் பால் அவளுக்கு, முதல் கன்றும் அவளுக்கு. அடுத்த கன்று அகேயோவுக்கு. அவர்கள் ஜனத்தில் மாட்டை வாரத்துக்கு விடுவது உறவுக்குள் நடக்கிற காரியம். கன்றின் சாக்கில் நாளுக்கு ஒரு தரமாவது முகம் பார்த்தாக வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் மாட்டையே பிரிய நினைத்தாள்.

அமோண்டி களை கொத்திக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொத்திக்கொண்டே இருந்தாள்.

“வேண்டாம்னு சொன்ன பணத்துல வந்த கன்னு அது” என்றாள் கடைசியில்.

“பணத்துல வரலைக்கா. பசு வயித்துல வந்தது.”

அமோண்டியின் உதடு லேசாக அசைந்தது. பழைய நாளாக இருந்தால் அதற்கு ஒரு ஏச்சு வந்திருக்கும். வரவில்லை.

வரப்பில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஒரிவோ சொன்னான்: “வாங்கிக்கடி. போன தடவை உன் பேச்சைக் கேட்டதாலதான் பக்கத்து ஊரே நம்ம ஒழுகுற கூரையைப் பார்த்துச் சிரிக்குது.”

அமோண்டி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். “சரி, ஓட்டிட்டு வா” என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

கன்று எதிர்வீட்டுக்குப் போனது. அகேயோ உடனே ஓடவில்லை. அவசரப்பட்டால் காவல் பார்க்க வந்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்த பிறகு முற்றத்தைக் கடந்தாள். தலை வாரி, நல்ல துணி கட்டிக்கொண்டாள். இருபதடி தூரத்துக்கு என்ன அலங்காரம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கன்று வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. மேனி பளபளவென்று இருந்தது. சாணி துளி இல்லை. பசும்புல் தின்று தீராத அளவுக்குக் கிடந்தது.

அமோண்டி அவளைப் பார்த்ததும் விறுவிறுவென்று உள்ளே போனாள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடுப்புத் துணியின் நுனியால் அதைத் துடைத்தாள்.

“உட்காருங்க” என்றாள்.

அகேயோ தரையைப் பார்த்தாள். இருவரும் காலை நீட்டுகிற தரை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ வந்தது, சர்க்கரை தாராளமாகப் போட்டு, விருந்தாளிக்கு எடுக்கிற கோப்பையில்.

“நீயும் உட்காருக்கா.”

“இருக்கட்டும். வேலை கிடக்கு.” ஆனால் வேலைக்குப் போகவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு கன்றுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அகேயோ கோப்பையைக் கீழே வைத்தாள். இப்படியே டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோனால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. கன்றைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. கயிறு சரியாகத்தான் கட்டியிருந்தது. அதனால் என்ன? சண்டை வேண்டும் அவளுக்கு. குரலை ஏற்றிக்கொண்டாள்.

“ஏன்க்கா, உங்க கெம் ஊர்ல கன்னுக்குட்டியை இப்படித்தான் கட்டுவாங்களா? கட்டிவைன்னு குடுத்தா நீ தூக்குல போட்டு வச்சிருக்கியே.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அலெகோக்காரிக்குக் கழுதைக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்பாள். உன் வாய்க்குத்தான்டி கயிறு போடணும் என்பாள். என்ன சொன்னாலும் இன்றைக்கு விடக் கூடாது, பொழுது சாயும்வரை பதிலுக்குப் பதில் பேச வேண்டும் என்று அகேயோ மனதில் வரிசையாக அடுக்கிக்கொண்டாள்.

அமோண்டி கோத்திருந்த கையை விட்டாள். அவசரமாகக் கன்றின் பக்கத்தில் மண்டியிட்டாள். முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தளர்த்தி மறுபடி கட்டினாள். இரண்டு விரலைக் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே விட்டுக் காட்டினாள்.

“கவனிக்காம விட்டுட்டேன். இனிமே பார்த்துக்கறேன்” என்றாள். “இப்போ சரியா இருக்குங்களா?”

அகேயோ நாற்காலியிலிருந்தபடியே, சரியாக இருக்கிறது என்றாள்.