நாற்பத்து மூன்று காற்புள்ளிகள்

பழைய புல்லாங்குழல் ஒலிநாடா முடிந்து சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் நிறுத்தினேன். என் மனைவி வீபெகெ காலைச் சாப்பாட்டு மேஜையில் கறுப்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"யாரு வாசிச்சது?"

"என்ன விளையாட்டு? நீதான்."

"நானா? பன்னெண்டு நிமிஷம் மூச்சே விடாம வாசிக்கிறா. மனுஷியா, பொம்மையா?"

அந்த மூச்சுகளை வெட்டி எறிந்தவன் நான்தான். கல்யாணமான புதிதில், வானொலி நிலையத்தின் கீழ்த்தள அறையில் இரண்டு வாரம் உட்கார்ந்து, அவள் புல்லாங்குழலைப் பதிந்த நாடாவை பிளேடால் சரிவாக அறுத்து, ஒட்டி, அவள் மூச்சு இழுத்த இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று துண்டுகள். எண்ணிக்கொண்டு வந்து அவளிடமே பெருமையடித்தேன். மின்னிசை அமைத்த எங்கள் கூட்டத்துக்கு அன்று மூச்சு என்றால் அழுக்கு. மனிதக் கறை படாத ஒலி என்று பத்திரிகையில் எழுதினார்கள். துண்டுகள் குப்பைக்கூடைக்குப் போயின. அடுத்த படைப்புக்குக் குழலே தேவைப்படவில்லை. மின்கருவிகளின் ஒலியே போதும் என்றிருந்தது. அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். முப்பது வருஷம் அவள் ஆர்ஹூஸ் நகரப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழல் சொல்லிக்கொடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம்.

எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு இயந்திரம் அலுத்துவிட்டது. தனிக் குழலுக்கென்று பென்சிலால் ஒன்று எழுதினேன். மூச்சு எடுக்கும் இடத்தில் வரிக்கு மேல் காற்புள்ளி போடுவது வழக்கம். ஒவ்வொன்றையும் அழுத்திப் போட்டேன். அவளைத் தவிர வேறு யாரையும் நினைத்து எழுதவில்லை. அவளுக்கோ நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, மாடி ஏறினால் நடுப்படியில் உட்கார வேண்டும். நல்ல நேரம் பார்த்துக் குழலுக்குத் திரும்பி வந்தேன்.

தாள்களை அவள் முன்னால் வைத்தேன். அவள் விரல் காற்புள்ளிகளின் மேல் ஊர்ந்தது.

"எத்தனை போட்டிருக்க?"

"நாப்பத்து மூணு."

"அன்னைக்கு எண்ணிக்கிட்டு வந்து நின்னியே, அப்பவே குழலால மண்டையில ஒண்ணு போட்டிருக்கணும், அக்ஸல்."

"போட்டிருக்கலாம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. பிறகு குழலை எடுத்துவரச் சொன்னாள். உதட்டில் பொருத்தி மூச்சை இழுத்து ஊதினாள். சுரம் வரவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடி இழுத்தாள். என் கை, பழக்க தோஷம், பதிவுக் கருவியின் பொத்தானுக்குப் போயிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"கையை எடு. சும்மா கேளு."

எடுத்துக்கொண்டேன். அவள் ஊத ஊத, குளிர்கால இருட்டுக்கு மேஜையில் ஏற்றிவைத்திருந்த மெழுகுவர்த்தியின் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஏழாவது மூச்சில் குழலை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுடர் நேராக நின்றது. தாளில் இன்னும் முப்பத்தாறு காற்புள்ளிகள் இருந்தன.