ஹாலில் சொல்ல வேண்டியது

பொன்னுரங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அடுக்களை வாசல் வரைக்கும் வந்து, "மாமி, காபி" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிற மனிதர். விசாரணைக்கு முதல் தடவை வந்த அன்றைக்கு ஹாலில் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, என் கணவரைப் பார்த்து "வணக்கம் சார்" என்றார். அவர் வாயில் "சார்" வந்து நான் கேட்டதே இல்லை. எப்போதும் "சாமி"தான். எதிர் நாற்காலியில் அப்துல் வஹீத் பாய் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் அபிராமபுரம் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. சங்கத்தார் அதற்காகக் கூட்டம் போட்டுப் போட்டே களைத்துவிட்டார்கள். சற்று முன் நான் படிக்கட்டில் எட்டிப் பார்த்தபோது வஹீத் பாய் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றியபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சில படிகள் கீழே பொன்னுரங்கம், செருப்பு வார் அறுந்துவிட்ட மாதிரி குனிந்திருந்தார். வார் நன்றாகத்தான் இருந்தது. வஹீத் பாய் ஏறிய பிறகுதான் அவரும் ஏறினார்.

இரண்டு பேரும் சேர்ந்து மந்தைவெளியில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார்கள். அண்டா, குண்டான், பந்தி வாளி, ஜல்லிக்கரண்டி. சைவச் சமையலுக்குப் போகிறதற்குக் கைப்பிடியில் பச்சைப் பெயின்ட், பிரியாணிக்குப் போகிறதற்குச் சிவப்பு. இந்த விஷயத்தில் வஹீத் பாய்தான் அதிகக் கறார். பச்சை அண்டாவைக் கழுவும் இடத்தில் சிவப்புக் கரண்டி கிடந்தால் கத்தித் தீர்த்துவிடுவார். எங்கள் பெண் ஹம்சினியின் கல்யாணத்துக்கு வந்ததும் அவர்கள் பாத்திரங்கள்தான். அவர்கள் கடை ஆரம்பித்த காலத்தில் என் கணவர் கஸ்தூரிரங்கன் ஒரு கம்பெனியில் சட்ட அதிகாரி. அவர்களுடைய கூட்டு ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்தவரும் அவரே. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, கஸ்தூரிரங்கன் நடுவராக இருந்து சொல்வதே முடிவு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். "எங்களுக்குள்ள தகராறா? உங்களுக்கு வேலையே இருக்காது சாமி" என்று வஹீத் பாய் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் கணவரும் சிரித்தார். பிறகு மூன்று பேரும் என் கையால் அடை சாப்பிட்டார்கள்.

போன வருஷம் வஹீத் பாய்க்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அந்த நேரம் பார்த்துக் கடையின் கிடங்கைக் காலி செய்யச் சொல்லி இடத்துக்காரர் நெருக்கினார். கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்களாம். வழக்குப் போட்டுத் தடுக்கலாம், அல்லது ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடலாம். பொன்னுரங்கம் தனியாகக் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். எதைச் செய்தாலும் இருவரும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். உடம்பு தேறி வந்த வஹீத் பாய், கிடங்கு இருந்த இடத்தில் தகர வேலியைப் பார்த்தார். அந்தக் கிடங்கு அவருடைய அப்பா காலத்தில் பிடித்த இடம். தெருவிலேயே நின்று அழுதாராம். அதற்குப் பிறகு பொன்னுரங்கத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மத்தியஸ்தம் என்று நான் சொன்னால் இவர் திருத்துவார். மத்தியஸ்தர் பேசிச் சேர்த்து வைப்பவராம்; நடுவர் விசாரித்துத் தீர்ப்பே சொல்பவராம். "கோர்ட்டுக்குப் போனா இவாளோட பேரப்பிள்ளைகள்தான் தீர்ப்பு வாங்கும். இங்க நாலு தடவை உக்காந்தா முடிஞ்சுடும்" என்று அவருக்குப் பெருமை. எனக்கு ஒரு பெருமையும் இல்லை. கோர்ட்டில் ஜட்ஜுக்கும் சண்டைக்காரர்களுக்கும் நடுவே உயரமான மேஜை இருக்கும். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே இருப்பது ஒரு திரைச்சீலை.

தீர்ப்பு ஆகும்வரை இரண்டு குடும்பத்தோடும் பேச்சு வார்த்தை கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். நான் வஹீத் பாயின் மனைவி ஜமீலுன்னிசாவுக்கு (எங்களுக்கு ஜமீலா) போன் பண்ணுவதை நிறுத்தினேன். பக்கத்துத் தெருவில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று எனக்கு இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜமீலா பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தேன். கிடங்கு விஷயத்தை வஹீத் பாயிடம் எப்படிச் சொல்வது என்று பொன்னுரங்கம் தவித்தபோது அவள் அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "அவருகிட்ட கட பேச்சே வாணாம்ண்ணே. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. நீங்களே பாத்து முடிச்சுடுங்க. நான் பின்னால அவருக்குச் சொல்லிக்கிறேன்" என்றாள். பின்னால் அவள் சொல்லவில்லை. முதல் நாள் பயந்திருப்பாள், அடுத்த நாள் சொல்ல முடியாமல் போயிருக்கும், பிறகு விஷயம் பெரிதாகிவிட்டது.

முதல் விசாரணை முடிந்த அன்றைக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவரிடம் ஆரம்பித்தேன். "ஆஸ்பத்திரில என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. ஜமீலாதான்..."

இவர் கையைத் தூக்கினார். "வேண்டாம் ஜானு. ஒருத்தர் பக்கத்தை அடுக்களைல வச்சு நான் கேக்கப்படாது. பொன்னு சொல்லணும். ஹால்ல, வஹீத் எதிர்க்க சொல்லணும்."

"நான் என்ன பொய்யா சொல்லப் போறேன்?"

"நிஜம்னா இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மோர் சாதத்தைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அடுத்த விசாரணையில் இவர் தன்னால் ஆனதைச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். காபித் தட்டோடு நான் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "வஹீத் சார்பில் யாராவது உங்களுக்குச் சம்மதம் சொன்னாங்களா?" என்று கேட்டார். பொன்னுரங்கம் இல்லை என்றார். "யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க குடும்பத்துல யார்கிட்டயாவது கலந்து பேசினீங்களா?" பொன்னுரங்கம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அவர் தலையை ஒரே ஒரு தரம், மிக லேசாக அசைத்தார்.

"யாரையும் கேக்கல. நானாதான் பண்ணேன்."

"நீ அப்படிப் பண்ணுவேன்னு நான் கனவுலகூட நெனைக்கல பொன்னு" என்றார் வஹீத் பாய். அந்த விசாரணை முழுவதிலும் அவரைப் பார்த்துப் பேசிய ஒரே வாக்கியம் அது.

இடைவேளையில் வஹீத் பாய் முகம் கழுவப் போனபோது, பொன்னுரங்கம் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு பழைய வழக்கப்படி அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"மாமி, ஆஸ்பத்திரி மேட்டர் வாணாம். உட்ருங்க."

"ஏன் விடணும்? நீங்க பண்ணாத தப்புக்கு..."

"அவன் கோவம் உங்களுக்குத் தெரியாது. கூடப் பொறந்த அண்ணன்கிட்டயே பேசல. செத்தப்போ, மவுத்துக்குத்தான் போனான். என்னாண்ட பேசலன்னா நான் வூட்டுக்குப் போய் என் பாட்டுக்குப் படுத்துக்குவேன். ஜமீலா தங்கச்சிகிட்ட பேசலன்னா அது எங்க போவும்? அதுவும் அதே வூட்டுலதான கீது?"

"உங்க பேரு?"

"பேரு கெடக்குது" என்று சொல்லி டம்ளரைத் தொட்டிக்குள் வைத்தார். வைத்தவர் குழாயைத் திறந்து அதைத் தானே கழுவினார். எங்கள் வீட்டில் அவர் டம்ளர் கழுவியது அதுதான் முதல் தடவை.

தீர்ப்பு நாள் வந்தது. இவர் அதை மெதுவாகப் படித்தார். கூட்டு கலைக்கப்படுகிறது, ஒப்பந்தத்தை மீறியவர் பொன்னுரங்கம், கடையும் கடையின் பெயரும் வஹீதுக்கு, பாத்திரங்கள் சரிபாதி. தன் முன்னால் வந்த சாட்சியத்தை வைத்து அவர் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. கோர்ட்டாக இருந்திருந்தால் முகம் தெரியாத ஒரு ஜட்ஜைத் திட்டிவிட்டு, எல்லோரும் சேர்ந்து காபி குடித்திருப்போம். இங்கே யாரைத் திட்டுவது? இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பொன்னுரங்கம் ஒரு பிரதியை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வரேன் சாமி" என்றார். சாமி என்றுதான் சொன்னார். ஜெயித்த வஹீத் பாயின் காபி ஏடு படிந்து அப்படியே இருந்தது.

பால்கனியிலிருந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே ஆட்டோ. உள்ளே ஜமீலா. இனிமேல் பேசலாம், தடை இல்லை. நான் அவர்களுக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவள் நலம்கூட விசாரிக்கவில்லை.

"மாமி, அண்ணன் என் பேரைச் சொன்னாரா?"

"இல்லை."

"ஒரு தடவகூடவா?"

"இவர் ரெண்டு விதமா கேட்டுப் பார்த்தார். சொல்லலை."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கூப்புடுவாங்கன்னு தெனம் காத்துக்கினு இருந்தேன் மாமி. கூப்ட்டா சொல்லிடலாம்னு. நானா சொல்ல எனக்குத் தைரியமே வர்ல."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் முந்தானை நனைந்திருப்பதைப் பார்த்ததும் போய்விட்டது. "இனிமே யாரும் கூப்பிடமாட்டா, ஜமீலா. முடிஞ்சு போச்சு" என்றேன்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டிலிருந்து பார்த்தால் கடைசி அடுக்குப் படிகள் முழுதாகத் தெரியும். முதலில் பொன்னுரங்கம் வந்தார். அவருக்கு ஒரு படி பின்னால் வஹீத் பாய், கண்ணைப் படியிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறக்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கும் பொன்னுரங்கம் அங்கே படிகளில் இப்படித்தான் அவருக்கு முன்னால் இறங்கினார், கால் தடுக்கினால் தன்மேல் விழட்டும் என்று. இப்போதும் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கையைக் கைப்பிடியில் ஊன்றி, வழியை அடைத்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார். ஜமீலா ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றாள். பாதிப் படியில் வஹீத் பாய் மூச்சு வாங்க நின்றார். பொன்னுரங்கமும் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்பு மறுபடி நகரும் சத்தம் கேட்கட்டும் என்று தெருவைப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.