பிள்ளையார் வயலில் முதல் வெட்டு

எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர் தில்லைநாதன் அண்ணை கிளிநொச்சியில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தார். அன்றே எங்களுக்குச் சனி பிடித்தது. அமைப்பை நடத்த நாலு வகைத் திட்டம் வேண்டுமாம். பத்து வருடத்துக்கு மூலோபாயத் திட்டம், ஒரு வருடத்துக்குத் தந்திரோபாயத் திட்டம், அன்றாட வேலைக்குச் செயற்பாட்டுத் திட்டம், எல்லாம் பிழைத்தால் அவசரகாலத் திட்டம். இவற்றை எழுத எங்களைக் கூப்பிட்ட நாளில்தான் பிள்ளையார் கோயில் வயலை ஊரே சேர்ந்து விதைக்க இருந்தது. விதைப்பைத் தள்ளிவைத்தோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையாருடைய நெல் எங்களுடையதற்கு மூன்று கிழமை பிந்தித்தான் முளைத்தது.

இதில் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்பீர்கள். அமைப்புக்கு இருப்பது ஒரேயொரு அறுவடை மெசின். ஊர் வழக்கப்படி முதல் வெட்டு கோயில் வயலில்தான். அண்ணை அதையும் செயற்பாட்டுத் திட்டத்தில் முதலாவதாகப் போட்டுவிட்டார். தை பிறந்து என் வயல் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. பிள்ளையாருடையதோ பச்சைப் பசேலென்று நிற்கிறது. மெசின் கொட்டிலுக்குள் தூங்குகிறது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புருசன் இல்லாத நான் தனியாகப் பாடுபட்டுச் செய்த வயல். அது போனால் என் பிள்ளைகளுக்குச் சோறில்லை. அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, மழை வரப்போகுது. மெசினை விடுங்கோ" என்றேன்.

"முதல் கோயில் வயல் எண்டல்லோ பிள்ளை திட்டத்திலை கிடக்கு."

"அப்ப அந்த அவசரகாலத் திட்டத்தை எடுங்கோவன்!"

"அது இன்னும் எழுதேல்லை. மத்தியானச் சாப்பாட்டோடை எல்லாரும் எழும்பிப் போட்டியள்."

உண்மைதான். கோழிப் புரியாணி முடிந்ததோடு கூட்டமும் முடிந்துவிட்டது.

மறுநாள் விடிய அரிவாளோடு கோயில் வயலில் இறங்கினேன். ஒரு பிடி பச்சை நெல்லை அறுத்துக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தேன்.

"அப்பனே, உமக்குப் பிள்ளை குட்டியில்லை, அவசரமுமில்லை. எனக்கு ரெண்டு கிடக்கு. முதல் வெட்டு முடிஞ்சுது, கோவிக்காதையும்."

அங்கிருந்து நேரே மெசின் ஓட்டும் பிரதாபனிடம் போனேன். "தம்பி, முதல் வெட்டு முடிஞ்சுது. மெசினை எடு."

"தலைவர் ஏசுவாரக்கா."

"ஏசட்டும். பிள்ளையாரே ஒண்டும் சொல்லேல்லை!"

மெசின் என் வயலில் இறங்கிய சத்தம் கேட்டு ஊரே ஓடிவந்தது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த சனமெல்லாம் அடுத்தது எனக்கு, அடுத்தது எனக்கு என்று அடிபட்டது. அண்ணையும் ஃபைலோடு வந்தார். நான் சேலையைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். மனிசன் ஃபைலை விரித்தார். திட்டத்தில் இருந்த ஒழுங்கில் ஆட்களைக் கூப்பிட்டு மெசினை அனுப்பத் தொடங்கினார்.

அடுத்த நாள் பின்னேரம் மழை கொட்டியது. நான் கடைசி மூட்டையை வீட்டுக்குள் இழுக்கும்போது அண்ணை தெப்பமாய் நனைந்தபடி படலை வாசலில் நின்றார்.

"உன்ரை நெல்லு நனையேல்லைத்தானே பிள்ளை?"

"இல்லை அண்ணை. உங்கடை?"

"அது மழைக்குப் படுத்திட்டுது. திட்டத்திலை என்ரையைக் கடைசியாத்தானே போட்டனான். தலைவர் தன்ரையை முந்தி வெட்டிப்போட்டார் எண்டு சனம் கதைக்கக்கூடாதெல்லே."

அவரை ஏசுவதற்கென்று ஒரு கிழமையாகச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை" என்றேன்.

முன்னறை முழுக்க மூட்டை. கதிரை போட இடமில்லை. என் நெல் மூட்டையின் மேலேயே அவரை இருத்திவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன்.