பீரோ மாடல்

என் வீட்டுக்காரர் இமானுவேல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். தேங்காய் வாங்கப் போனால்கூட ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் அத்தனையையும் ஆட்டிப் பார்த்து, கடைசியில் முதலில் எடுத்ததையே வாங்கி வருவார். அப்படிப்பட்டவரிடம் போய் எனக்குப் படம் வரைய ஒரு டேப்லெட் வேண்டும் என்று கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆத்தங்குடியில் பாண்டியராஜன் என்பவர் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். வீடு கட்டுகிறவர்கள் வந்து, நடுவில் இந்தப் பூ, ஓரத்தில் இந்த பார்டர் என்று கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். தரையில் பதித்து முடித்த பிறகு, "நாங்க நினைச்சது இது இல்லையே" என்பார்கள். என்ன நினைத்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. பட்டறையிலேயே உட்கார்ந்து, அவர்கள் கண்ணெதிரே அவர்களுடைய ஹாலை வரைந்து, பூவை வைத்துக் காட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும். நான் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொண்டுபோன படங்களைப் பாண்டியராஜன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை உங்களுக்குத்தேன். சனி, ஞாயிறு வந்தாப் போதும். ஆனா பேப்பரு வேணாம்மா. நிமிசத்துக்கு ஒரு கலரு மாத்தச் சொல்லுவாக. பேனாவால வரையிற டேப் ஒண்ணு வாங்கிக்கிட்டு ஈஸ்டர் முடிஞ்சு வந்துருங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னால் உட்காரவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஓவியத்தில் டிப்ளமோ வாங்கியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு நான் வரைந்ததெல்லாம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் தவளையின் குடல்தான்.

இமானுவேல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தவக்காலம் முழுக்க அவர் கறி மீன் தொடவில்லை. டேப் பற்றிய வீடியோவைத் தொடாத நாள் இல்லை. சாதாரண மாடல் ஒன்று, அதைப்போல மூன்று மடங்கு விலையில் ப்ரோ மாடல் ஒன்று. எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் இந்த இரண்டும்தான் பேச்சு.

"ப்ரோவுல ஸ்க்ரீன் ஒரு நொடிக்கு நூத்திருபது தடவை புதுசாகுது ஜெசி. எது அசைஞ்சாலும் வழுக்கிட்டுப் போகும்."

"நான் வரையப்போறது தரைங்க. அது எங்குட்டுப் போகப்போகுது?"

"நீ எதையும் மேலோட்டமாவே பார்க்குற" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் காரைக்குடியில் கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் என்னை அக்கா என்றான். என் வீட்டுக்காரரை ப்ரோ என்றான். சாதாரண மாடலைக் கையில் வாங்கி ஒரு தாமரையை வரைந்து பார்த்தேன். கோடு நான் நினைத்த இடத்தில் விழுந்தது. இது போதும் என்றேன். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அவர்கள் இருவரும் அங்குட்டு ப்ரோவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரெண்டுக்கும் அடிப்படையில என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் வாத்தியார்.

"அது நார்மல், ப்ரோ. இது ப்ரோ, ப்ரோ."

தவக்காலம் முழுக்கத் தேடியும் கிடைக்காத விளக்கம் அதில் அவருக்குக் கிடைத்துவிட்டது. "எடுத்தா நல்லதா எடுத்துருவோம். நாளைக்கு உனக்கு ஒரு குறை இருக்கக் கூடாது" என்றார். அந்த வார்த்தையில் நான் உருகிப்போனேன், மறைக்கவில்லை. எனக்காக அவர் இவ்வளவு செலவு செய்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் சந்தனமேரி, "என்னத்தா இது, இம்புட்டு விலையா?" என்றார்.

"ப்ரோ மாடல்ம்மா" என்றார் மகன்.

"பீரோ மாடலா? அப்பப் பத்திரமா பீரோவுல வையிடா. வெளிய என்னத்துக்குக் கெடக்கு?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இமானுவேல் சிரிக்கவில்லை. அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது. அன்றிரவு அது மாமியாரின் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டேப்பைப் பங்குச் சாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுபோனோம். புது வண்டி, புது வீடு எதுவானாலும் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதுதானே வழக்கம். சாமியார் தீர்த்தச் செம்போடு வருவதைப் பார்த்ததும் இமானுவேலுக்கு வேர்த்துவிட்டது. ஸ்க்ரீனில் தண்ணீர் படலாமா? சட்டென்று டேப்பை உருவி என் முந்தானைக்குள் திணித்துவிட்டு, காலிப் பெட்டியைப் பயபக்தியோடு நீட்டினார். பெட்டிக்கு ஆசீர்வாதம் முழுசாகக் கிடைத்தது.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. கை கழுவாமல் தொடக் கூடாது. கழுவின ஈரத்தோடும் தொடக் கூடாது. சாப்பாட்டு மேஜைப் பக்கம் வரக் கூடாது. ஸ்க்ரீன்மேல் கண்ணாடி ஒட்டி, அதன்மேல் உறை போட்டு, உறைக்கு ஒரு பையும் வந்தது. எல்லாவற்றையும் கழற்றி ஒரு தாமரையை வரையத் தொடங்குவதற்குள் எனக்கு வரைகிற ஆசையே அடங்கிவிடும். இதெல்லாம் போகட்டும். ஈஸ்டர் முடிந்த முதல் சனிக்கிழமை நான் பையைத் தோளில் மாட்டியபோது அவர் வாசலில் வந்து நின்றார்.

"இதை டவுன் பஸ்ஸுல கொண்டுபோகப் போறியா?"

"வேற எதுல போவாக?"

"பட்டறையில சிமெண்டுத் தூசி. அங்குட்டு திரும்புனா தண்ணித் தொட்டி, இங்குட்டு திரும்புனா கலர்ச் சாந்து. யோசிச்சுப் பாரு. அவங்களை இங்க வரச் சொல்லேன்."

மெட்ராஸிலிருந்து டைல்ஸ் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வீட்டு அடுப்படிக்கா வருவார்கள்? அன்றைக்குக் கட்டம் போட்ட தாளோடுதான் போனேன். வந்தவர்கள் பச்சையை நீலமாக்கச் சொன்னார்கள், பிறகு பச்சையே இருக்கட்டும் என்றார்கள். நான் அழித்து முடிப்பதற்குள் காரில் ஏறிவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை. வியாழக்கிழமை பாண்டியராஜன் போன் செய்தார்.

"தப்பா நினைக்காதீகம்மா. இந்தச் சனிக்கிழமை ஒரு பெரிய பார்ட்டி வாராக, முழு வீட்டுக்கும் தரை. டேப்போட வந்தீகன்னா சரி. இல்லைன்னா மதுரையில ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு, அவரை வரச் சொல்லிருவேன்."

இமானுவேலிடம் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ரொம்ப நேரம் யோசித்து, முகம் மலர்ந்து, ஒரு வழி சொன்னார்.

"ஆத்தங்குடிக்குக் கொண்டுபோறதுக்குன்னு சாதா டேப் ஒண்ணு வாங்கிருவோம்."

நான் கடையில் கையில் வைத்துக்கொண்டு போதும் என்று சொன்னேனே, அது! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரி, எதுவானாலும் நாளைக்கே வாங்குங்கள் என்றேன். அவர் லேப்டாப்பைத் திறந்தார். "சாதாவிலயே நாலஞ்சு இருக்கு. பார்க்காம எப்படி?" என்றார்.

சனிக்கிழமை காலையில் அவருக்கு ஸ்பெஷல் கிளாஸ். அவர் தெரு முனை திரும்பியதும் நான் பீரோவைத் திறந்தேன். மாமியார் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து, "அவென் கேட்டா என்னத்தா சொல்ல?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க."

உறையையும் பையையும் வீட்டிலேயே போட்டுவிட்டு, டேப்பை மட்டும் ஒரு துண்டில் சுற்றிக் காய்கறிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வழியெல்லாம் நின்றே போனேன். இரண்டு முறை என் காலை மிதித்தார்கள். டிரைவர் பிரேக் போட்டபோது முழங்கை கம்பியில் இடித்துத் தோல் உரிந்தது.

வந்திருந்தது நாச்சியம்மை என்கிற அம்மாவும் அவர் கணவரும். கணவர் தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இது ப்ரோவா? நார்மலே போதும்னு சொல்றாங்களே, வொர்த்தா?" என்று என்னைக் குடைந்துகொண்டிருந்தார். நாச்சியம்மை அப்போதுதான் ஆசைக்கு ஒரு டைல்ஸ் கல்லுக்குக் கலர்ச் சாந்து ஊற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். விரலெல்லாம் சிவப்புச் சாந்து. அந்த விரலாலேயே ஸ்க்ரீனில் அழுத்தி, "இந்தப் பூவைக் கொஞ்சம் இங்குட்டு நகட்டுங்க" என்றார். வீட்டுச் சட்டங்கள் அத்தனையும் எனக்கு ஞாபகம் வந்தன. பிறகு பூவை நகர்த்தினேன். பார்டரை மஞ்சளாக்கினேன், மறுபடி பச்சையாக்கினேன். நாச்சியம்மை தன் ஹாலில் தானே நிற்பதைப்போலச் சுற்றிப் பார்த்தார்.

"இதேதான். இதுதான் நான் நினைச்சது" என்றார். பாண்டியராஜன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு பார்ட்டி வருவதாகச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது இமானுவேல் கூடத்தில் காத்திருந்தார். கோபப்படவில்லை. கை நீட்டி டேப்பை வாங்கி, ஓரத்தில் காய்ந்திருந்த சிவப்பைச் சட்டை நுனியால் துடைத்தார். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்து, மூலை மூலையாகப் பார்த்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் மூச்சு விட்டார்.

"நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்ல."

நான் முழங்கையைத் திருப்பி அதே வெளிச்சத்தில் காட்டினேன்.

"இங்க ஒண்ணு இருக்குங்க" என்றேன்.