தேவமணியின் ஆட்சேபம்

தீபாவளி முடிந்த மறுவாரம், வாக்காளர் பட்டியலில் தன் பேர் இருக்கிறதா என்று பார்க்க தேவமணி சாத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போனாள். தீக்குச்சி செய்கிற தீப்பெட்டி ஆபீசில் கை வெந்து வருகிறவர்களுக்கு மருந்து கட்டுகிற நர்ஸ் வேலை அவளுக்கு. அரை நாள் லீவு வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அரிசிக்கு வரிசையில் நின்று நின்று அந்த வருஷம் ஊரே கொதித்துக் கிடந்தது. வருகிற அறுபத்தேழு தேர்தலில் ஓட்டுப் போட்டே தீருவது என்று அவளும் இருந்தாள்.

அவள் தெருப் பட்டியலில் பேர் இல்லை. குமாஸ்தா சீனிவாசகம் பொறுமைசாலி. கடைசிப் பக்கங்களைப் புரட்டி, பட்டாளத்துக்காரர்களுக்கென்று தனியாக இருந்த பட்டியலில் விரலை வைத்தார்.

"இந்தா இருக்கீகளே. ஹவில்தார் பால்துரை, அடுத்து அவரு சம்சாரம் நீங்க. கூடவே குடியிருக்கிறதா எழுதியிருக்கு. ரெண்டு பேருக்கும் ஓட்டுச்சீட்டு பட்டாளத்துக்கே தபால்ல போயிரும். இங்கன போட முடியாது."

செகந்திராபாத் குவார்ட்டர்சில் இருந்தபோது சொந்த ஊர்க் கணக்கில் பதிந்த பேர் அது. பால்துரை போன வருஷம் செப்டம்பர் சண்டையில் செத்து, எல்லையிலேயே அடக்கமும் ஆகிவிட்டது. தந்தி வந்து ஊரெல்லாம் தெரிந்த சாவு, இந்தப் பட்டியலுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

"அவுக இல்லைங்க. சண்டையில போயிட்டாக."

சீனிவாசகம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இரண்டு பாரம் எடுத்து வைத்தார். ஒன்று அவள் பேரை இங்கே சேர்க்க. இன்னொன்று, பால்துரை பேர் பட்டியலில் இருப்பதை ஆட்சேபிக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க.

"அவுக பேரு இருக்கக் கூடாதுன்னு நானா சொல்லணும்?"

"சட்டம் அப்படிம்மா. அவரு பேரு இருக்கிற வரைக்கும் உங்க பேரும் அதோடதான். வேண்டாம்னா விட்டுருங்க. ரெண்டு பேரும் அங்கன சேந்து இருக்கிறதாவே இருக்கட்டும். என்ன, உங்களுக்கு இங்கன ஓட்டு இருக்காது."

அதுவே தேவலை என்று அவளுக்குப் பட்டது. ஓட்டு என்ன பெரிய ஓட்டு, போனால் போகிறது. அவர்கள் இருவரும் இன்னும் சேர்ந்து குடியிருந்த ஒரே இடம் அந்தக் காகிதம்தான். எழுந்து வாசல்வரை போய்விட்டாள். அங்கே நின்றவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. செத்தவன் பேரில் எவனாவது ஓட்டுப் போடுவது ஊரறிந்த சங்கதி. அடுத்தவன் சைக்கிளைக்கூட இரவல் கேட்காத மனுஷன் பால்துரை. அவன் பேரை எவனோ இரவல் வாங்கிக் கையெழுத்துப் போடுவதா?

திரும்பி வந்து உட்கார்ந்தாள். காரணம் என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினாள். பென்ஷன் காகிதங்களையெல்லாம் யார் யாரோ எழுத, அவள் கையெழுத்து மட்டுமே போட்டிருந்தாள். அந்த வார்த்தையைத் தன் கையால் எழுதியது அன்றைக்குத்தான். எழுதி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிவைத்த அழுகை, நிற்கவே இல்லை.

அவள் பேரைச் சேர்க்கிற மற்ற பாரத்தை சீனிவாசகமே நிரப்பினார். "தகப்பனார் பேரு போடவா, இல்ல வீட்டுக்காரரு..." என்று இழுத்தார்.

"அவுக பேரப் போடுங்க" என்றாள் தேவமணி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதையும் ஆட்சேபிக்கச் சொல்லி இன்னொரு பாரம் நீட்டிராதீக."