நாலாக வெட்டிய கம்பம்

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று பூதக்கண்ணாடிக்கு வயிறு எரிந்தது. ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பவள் அவள். கண்ணில் ஒரு குறை தப்பாது, அதனால் அந்தப் பட்டப்பெயர். திரும்பி வந்த ஷூக்களையெல்லாம் குடைந்து பார்த்து, பரேட்டோ படம் போட்டிருந்தாள். எந்தக் குறை அதிகமோ அதற்கு உயரமான கம்பம், அப்புறம் அதைவிடக் குட்டை, இப்படி வரிசையாக. முதல் கம்பத்தை ஒழித்தால் பாதித் தொல்லை ஒழிந்த மாதிரி. முதலில் நின்றது பசை. ஷூவெல்லாம் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. பசை சப்ளை செய்வது முதலாளியின் மச்சான் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

மேனேஜர் செய்த வேலையைக் கேளுங்கள். முன்பக்கம் பிரிவது, பின்பக்கம் பிரிவது, இடது ஓரம், வலது ஓரம் என்று அந்த ஒரே கம்பத்தை நாலாக வெட்டிப் புதுப் படம் போட்டுவிட்டார். நாலும் குட்டையாகிவிட்டன. இப்போது நெஞ்சை நிமிர்த்தி நின்றது "தையல் தப்பு". தையலில் இருப்பது பூதக்கண்ணாடியின் அக்கா. அவள் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"தையல்ல பாதிப் பேரை நிறுத்திட்டா சரியாப்போயிடும் சார்," என்று மேனேஜர் மீட்டிங்கில் முதலாளியிடம் குழைந்தார். தூ!

"சார், நாலும் ஒரே வியாதி சார்," என்று எழுந்துவிட்டாள் பூதக்கண்ணாடி. முதலாளிக்கு விஷயம் தெரியாது, தெரிந்தால் விடமாட்டார் என்று நம்பினாள், பைத்தியக்காரி. கத்திரிக்கோலால் சுவரில் இருந்த படத்திலிருந்து நாலு கம்பத்தையும் நறுக்கி, மேஜைமேல் சாம்பிளுக்கு வைத்திருந்த அதே பசையைத் தடவி, முதலாளிக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்தி ஒட்டினாள். தையல் கம்பத்தைப்போல இரண்டு மடங்கு உயரம் வந்தது.

மேலே இருந்த துண்டு மெல்லச் சுருண்டு விழுந்தது. அடுத்தது முதலாளியின் மடியிலேயே விழுந்தது. அவர் அதை எடுத்து, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

முதலாளி கையில் ஒட்டிய பொருக்கைத் தட்டிவிட்டார். "தையல்ல ஒட்டுற டேப் இருக்கும். யாரையாவது கொண்டாரச் சொல்லுங்க."

கொண்டுவந்தது அக்கா. "எங்க சார் ஒட்டணும்?"

"பழைய இடத்துலயே. தனித்தனியா."

எதையும் கோணலாகச் செய்து பழக்கமில்லாதவள் அவள். நாலையும் பிசிறில்லாமல் ஒட்டினாள். ஒட்டி முடித்த பிறகுதான் பக்கத்தில் நின்ற உயரமான கம்பத்தைப் படித்தாள்.

"இது நாங்களாடி?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டாள்.

மேனேஜர் அக்காவிடமிருந்து டேப்பை வாங்கி வைத்துக்கொண்டார்.