சுண்ணாம்புக் கோட்டு வீடு

ஏரிக்கரையில் மின்கம்பியும் குழாயும் இல்லாத குடில் கட்டி அக்காவோடு குடியேறப்போவதாக அத்தான் அறிவித்த நாளிலிருந்து, வீடுகளுக்கு வரைபடம் போடும் தங்கைக்காரிக்குத் தூக்கம் போயிற்று. ஆயுள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மேலாளர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, கையில் எடுத்த மண்ணை முகர்ந்து பார்க்காமல் கீழே போடுவதில்லை. மண்சுவர், நாணல் கூரை, ஆணி அடிக்காமல் கோத்த மரச்சட்டம், தண்ணீருக்குப் பதில் மரத்தூள் போடும் கழிப்பறை என்று அவர் சொன்னதற்கெல்லாம் அவள் தலையாட்டினாள். சமையலறைக்குள் ஒரு கைப்பம்பு மட்டும் தானாகச் சேர்த்தாள். ஒவ்வொரு முறையும் அவர் அதை அடித்துத் திருப்பி அனுப்பினார்.

"தண்ணிய நாமளே போய் மொண்டுட்டு வரணும்மா. இயற்கையோட உறவே அதுலதான் இருக்கு."

அந்த 'நாம' யாரென்று அக்காவின் முழங்கால்களுக்குத் தெரியும். "எப்படியாவது தண்ணிய உள்ள கொண்டு வந்துடுடி. அந்த மேட்டுல என்னால தூக்க முடியாது" என்று ஃபோனில் கெஞ்சியிருந்தாள். நேரில் சொன்னால் அத்தான் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார்.

அஸ்திவாரம் தோண்டுமுன் வீட்டை முழு அளவில் சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரைந்து, குடியிருக்கப் போகிறவர்களை ஒரு காலைப்பொழுது அதற்குள் விட்டுப் பார்ப்பது தங்கையின் வழக்கம். இங்கேயும் வரைந்தாள். சமையலறைக் கோட்டுக்குள் ஒரு அடுப்பையும் வைத்தாள். அத்தான் தியான அறைக் கோட்டுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூடிய கண்ணை உடனே திறந்தார்.

"டீ கிடைக்குமா?"

அக்கா வாளியோடு ஏரிக்கு இறங்கினாள். நிரப்பிக்கொண்டு, வழியில் இறக்கி வைத்து இறக்கி வைத்து, மேடேறி நேரே அடுப்பைப் பார்த்து வந்தாள்.

"ஏய், சுவத்துக்குள்ள நடந்து வர்றியே! வாசல் அந்தப் பக்கம். சுத்திட்டு வா, அப்பத்தான் வீடு எப்படின்னு புரியும்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வாளியைச் சுவர் மேலேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒத்தக் கட்டில் போடுடி. நான் இப்ப இருக்கற வீட்டுலயே இருந்துக்கறேன். எப்பவாச்சும் விருந்தாளியா வந்து போறேன்."

தங்கை படுக்கையறைக் கோட்டுக்குள் போனாள். அங்கே வரைந்திருந்த இரண்டு கட்டில்களில் ஒன்றைச் செருப்புக் காலால் தேய்த்தாள். குனிந்து அழிக்க அவளுக்கும் தெம்பில்லை.

"ரூம் சின்னதானா கூரையோட சாய்மானம் கெட்டுப்போயிடுமே!" என்றார் அத்தான். கூரையைப் பற்றி வெகுநேரம் கவலைப்பட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப... டீ?"

அக்கா வாளியைக் காலால் தள்ளிவிட்டாள். இயற்கை இயற்கையோடு போய்ச் சேர்ந்தது.

"ஏரி எங்கயும் போயிடல, அத்தான்" என்றாள் தங்கை.

அவர் காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கரையில் குனிந்தார். குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பழக்கதோஷத்தில் அக்கா தரையில் கையூன்றி எழப் பார்த்தாள். தங்கை அவள் தோளை அழுத்தினாள்.

"சும்மா உக்காருக்கா."

அக்கா உட்கார்ந்தாள். பார்வை மட்டும் கரையை விட்டு வரவில்லை.